முதுகை அளக்கும் இரண்டு வட்டு: இன்க்ளினோமீட்டரோடு இரண்டு வருடம்

கும்பகோணத்தில் 11 வருடமாகப் பிசியோதெரபி கிளினிக் நடத்தி வருகிறேன். முதல் ஒன்பது வருடமும், இடுப்பு வலி என்று வருகிறவர்களின் கேஸ் ஷீட்டில் "முன்னால் குனிதல்: முக்கால்வாசி" என்றுதான் எழுதிவந்தேன். படித்த காலத்திலேயே மூட்டுக் கோணம் அளக்கும் கோனியோமீட்டர், டேப், சாய்வை அளக்கும் இன்க்ளினோமீட்டர் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சைக்கும் எழுதினேன். ஆனால் காலையில் வரிசையாக எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும்போது கண்ணால் பார்த்து எழுதுவதுதான் பழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தன்னுடைய ஷீட்டை வாங்கிப் படித்தார். "போன மாசமும் முக்கால்வாசி, இந்த மாசமும் முக்கால்வாசி. எதுல முக்கால்வாசிம்மா?" என்று கேட்டார். குறை சொல்லும் தொனி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முழுசு எவ்வளவு என்று தெரிந்தால்தானே முக்கால் எவ்வளவு என்று சொல்ல முடியும்? அந்த வாரமே இரண்டு இன்க்ளினோமீட்டருக்கு ஆர்டர் போட்டேன். இரண்டு வருடம் அநேகமாகத் தினமும் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். வாங்கலாமா என்று யோசிக்கும் பிசியோக்களுக்காகவும், தன் முதுகை யாராவது ஒழுங்காக அளந்து சொல்ல மாட்டார்களா என்று நினைக்கும் நோயாளிகளுக்காகவும்.

பொருளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் வட்டு. உள்ளே வட்டமான குழாயில் பாதி அளவுக்குப் பச்சைத் திரவம். வெளியே 360 டிகிரி அச்சிட்ட வளையம், கையால் திருகினால் சுற்றும். 2 டிகிரிக்கு ஒரு கோடு. அடியில் இரண்டு சின்னக் கால்கள் இருக்கின்றன. முதுகெலும்பின் முனை நடுவில் வர, கால்கள் அதற்கு மேலும் கீழும் பதிந்து உட்காரும். நிற்கும் நிலையில் வைத்து, திரவ மட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே வளையத்தின் பூஜ்ஜியத்தைக் கொண்டுவர வேண்டும். அப்புறம் ஆள் குனிந்தால் வட்டும் சாயும். திரவம் மட்டும் பூமிக்குச் சமமாகவே நிற்கும். எத்தனை டிகிரி சாய்ந்தது என்று நேராகப் படித்துக்கொள்ளலாம். பேட்டரி கிடையாது, சார்ஜ் கிடையாது.

தோள் வலிக்கு வந்த கொத்தனார் ஒருவர் மேசைமேல் இதைப் பார்த்ததும் கையில் எடுத்தார். "இது நம்ம ரசமட்டம் மாதிரில்ல இருக்கு?" ஆமாம், அதே தத்துவம்தான் என்றேன். "சரியா காட்டுதான்னு பாத்தீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டு, மேசை ஓரத்தில் வட்டை வைத்து எங்கே நிற்கிறது என்று பார்த்தார். அப்புறம் அதே இடத்தில் முன்பின்னாகத் திருப்பி வைத்தார். "இந்தப் பக்கம் எவ்வளவு சாயுதோ, திருப்பி வெச்சா அந்தப் பக்கமும் அவ்வளவுதான் சாயணும். வித்தியாசம் வந்தா மட்டம் பழுதுன்னு அர்த்தம்" என்றார். எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் இதைப் படித்ததில்லை. இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் கிளினிக் திறந்ததும் இரண்டு வட்டையும் இப்படித் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முதல் ஆளைக் கூப்பிடுகிறேன்.

ஏன் இரண்டு வேண்டும்? நாம் குனியும்போது முதுகு மட்டும் வளைவதில்லை. பாதி வேலையை இடுப்பு மூட்டுகள் செய்கின்றன. இடுப்பெலும்பே தொடைகளின் மேல் முன்னால் உருளுகிறது. ஒரு வட்டை மட்டும் மேல்முதுகில் வைத்தால் இரண்டும் சேர்ந்த கணக்குத்தான் கிடைக்கும். அதனால் ஒன்றைக் கீழ்முதுகு தொடங்கும் இடத்தில், அதாவது டி12 முள்ளெலும்பின் மேல் வைக்கிறோம். இன்னொன்றைக் கீழ்முதுகு முடிகிற எஸ்1-இல். மேலே காட்டும் டிகிரியில் இருந்து கீழே காட்டும் டிகிரியைக் கழித்தால் கீழ்முதுகு மட்டும் எவ்வளவு வளைந்தது என்று தெரியும். கீழே உள்ளது இடுப்பு மூட்டின் பங்கு. இன்க்ளினோமீட்டர் வைத்து முதுகை அளக்கும் யோசனையை 1967-இல் லோபெல் என்ற மருத்துவர் எழுதினார். இன்றைக்கும் அடிப்படை அதேதான்.

இந்தக் கழித்தல் எனக்கு எவ்வளவு சொல்லிக்கொடுத்தது என்பதை இரண்டு பேரை வைத்துச் சொல்கிறேன்.

ஒருவர் திருபுவனத்தில் பட்டுத் தறி நெய்கிறவர். 44 வயது. குனியச் சொன்னால் விரல் நுனி தரையிலிருந்து 24 சென்டிமீட்டர் மேலேயே நின்றுவிடும். "முதுகு இரும்பாயிடுச்சு டாக்டர்" என்பார். பார்க்கிற யாரும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் பழைய வழக்கப்படி "பாதி" என்று எழுதியிருப்பேன். வட்டுகளை வைத்துப் பார்த்தேன். மேலே 88, கீழே 30. கீழ்முதுகு 58 டிகிரி வளைகிறது. இருபது வயதுப் பையனுக்கு வரக்கூடிய அளவு. குழித்தறியில் நாள் முழுக்க முதுகை வளைத்து உட்கார்ந்தே வேலை செய்கிறார். முதுகுக்கு வளைவதில் எந்தச் சிரமமும் இல்லை. முறுக்கிக்கொண்டிருந்தது தொடையின் பின்தசை. அதனால் இடுப்பெலும்பு உருளவில்லை, அந்தக் குறையையும் சேர்த்து முதுகே வளைந்துகொண்டிருந்தது. அவருக்கு இன்னும் முதுகை வளைக்கும் பயிற்சி கொடுத்திருந்தால் வலி கூடியிருக்கும். தொடைக்கு மட்டும் ஆறு வாரம் பயிற்சி கொடுத்தேன். கீழே 30 என்பது 48 ஆனது, முதுகு 56-இல் நின்றது, விரல் தரைக்கு 9 சென்டிமீட்டர் வரை இறங்கியது.

இன்னொருவர் நடவு வேலைக்குப் போகும் அம்மா. 58 வயது. என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். குனியச் சொன்னதும் சேலையைச் செருகிக்கொண்டு இரண்டு உள்ளங்கையையும் அப்படியே தரையில் பதித்துவிட்டார். "குனியறதா எனக்குக் கஷ்டம்? ஆயுசு பூரா குனிஞ்சே கெடந்தவ பாப்பா நானு. நிமிந்தாத்தான் உசுரு போவுது." வட்டுகள் மேலே 112, கீழே 76 காட்டின. கீழ்முதுகு 36. தரையைத் தொடுகிற இவருடைய முதுகு, தரையை எட்டாத நெசவாளரின் முதுகைவிட 22 டிகிரி குறைவாக வளைகிறது! மிச்சம் அத்தனையும் இடுப்பு மூட்டு செய்வது. நாற்பது வருடம் சேற்றில் கால் ஊன்றி, முழங்காலை விறைத்து, இடுப்பிலிருந்து மடங்கி நாற்று நட்ட உடம்பு அது. இருவரும் ஒரே வாரத்தில் வந்தவர்கள். விரல் தரையைத் தொடுகிறதா என்பதை முதுகின் அளவாக எழுதுவதை அன்றோடு விட்டுவிட்டேன்.

சரி, அந்த 36 குறைவா, இல்லை அவருக்கு அதுதான் இயல்பா? இந்தக் கேள்விக்கு எந்தக் கருவியும் பதில் சொல்லாது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உடல் குறைபாட்டு மதிப்பீட்டுக் கையேட்டின் பழைய பதிப்புகளில் கீழ்முதுகு முன்னால் 60, பின்னால் 25, பக்கவாட்டில் 25 டிகிரி என்று இருக்கும். பல கிளினிக்குகளில் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையும் அதுதான். ஆனால் 1984-இல் பியர்சி குழுவினர் ஆரோக்கியமான ஆண்களுக்கு இரண்டு கோணங்களில் எக்ஸ்ரே எடுத்து எலும்பையே அளந்தபோது, முன்னால் சுமார் 50, பின்னால் சுமார் 15 டிகிரிதான் வந்தது. அவர்கள் யாரும் நோயாளிகள் இல்லை. தோலுக்கு மேல் வைத்து அளப்பதும் எலும்பைப் படம் பிடித்து அளப்பதும் ஒரே எண்ணைத் தர வேண்டிய அவசியம் இல்லை. குனியும்போது தோல் இழுபடும், வட்டு வைத்த இடம் எலும்பின் மேல் கொஞ்சம் வழுக்கும்.

வயது வேறு இருக்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸில் மோல், ரைட் இருவரும் ஆரோக்கியமானவர்களை வயதுவாரியாக அளந்து 1971-இல் வெளியிட்ட கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தது. பதின்ம வயதைத் தாண்டி இருபதுகளின் பிற்பகுதி, முப்பதுகளின் தொடக்கம் வரை முதுகின் அசைவு கொஞ்சம் கூடுகிறது. அதற்கப்புறம் பத்து வருடத்துக்குப் பத்து வருடம் குறைந்துகொண்டே போகிறது. முன்னும் பின்னும் வளைவதில் ஆண்களுக்கு அதிகம், பக்கவாட்டில் சாய்வதில் பெண்களுக்கு அதிகம். ஆக, 60 என்ற ஒரே எண்ணை எடுத்து 58 வயது அம்மாவின் முதுகில் ஒட்டிவிட்டு "உங்களுக்கு நாற்பது சதவீதம் போச்சு" என்று சொல்வது அநியாயம். அப்படிச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் என்னிடம் வருகிறார்கள். "ஜவ்வு தேஞ்சிருச்சாம், இனிமே குனியவே கூடாதாம்" என்று பயந்து, துணி துவைப்பதைக்கூட நிறுத்திவிட்டு வருகிறார்கள். அந்தப் பயம் வலியைவிட அவர்களை அதிகமாக முடக்குகிறது.

இன்க்ளினோமீட்டரில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், அந்த ஆளின் போன மாத முதுகை இந்த மாத முதுகோடு ஒப்பிட முடிவதுதான். ஊரார் சராசரியோடு ஒப்பிடுவதைவிட அது எனக்குப் பல மடங்கு உதவுகிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: நான் இரண்டு முறை அளந்தால் ஒரே எண் வர வேண்டும்.

இதை வாங்குகிற எல்லோரும் முதல் வாரமே ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும் என்று சொல்வேன். என் உதவியாளர் பெண்ணின் முதுகை ஒரே நாளில் ஐந்து முறை அளந்தேன். ஸ்கெட்ச் பேனாவால் போட்ட புள்ளியை அழிக்காமல் அளந்தபோது 2 டிகிரி, மிஞ்சினால் 4 டிகிரிதான் மாறியது. புள்ளியை ஸ்பிரிட் போட்டு அழித்துவிட்டு, மறுநாள் புதிதாக எலும்பைத் தேடிப் புள்ளி வைத்து அளந்தால் 8 டிகிரி வரை வித்தியாசம். கருவி அதேதான், முதுகும் அதேதான். மாறியது என் விரல்.

புள்ளி வைப்பதில்தான் உண்மையான திறமை இருக்கிறது. இடுப்பெலும்பின் மேல்விளிம்பு இரண்டையும் கட்டைவிரலால் தொட்டு நேராக இழுத்தால் கீழ்முதுகின் நாலாவது எலும்பான எல்4-க்குப் பக்கத்தில் வரும். பின்புறம் தெரியும் இரண்டு குழிகளும் எஸ்1-க்கு அடுத்துக் கீழே உள்ள எஸ்2 மட்டம். இந்த இரண்டு அடையாளத்தையும் வைத்து எஸ்1-ஐப் பிடித்து, அங்கிருந்து ஒவ்வொரு முள்ளாக மேலே எண்ணிப் போய் டி12. ஒல்லியானவர்களுக்கு விரலுக்கு அடியில் பாசிமணி போல ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். சதைப்பிடிப்பானவர்களுக்கு ஒரு முள் தவறுவது சாதாரணம். அதனால் இப்போது நின்ற நிலையில் எஸ்1 புள்ளியிலிருந்து டி12 புள்ளி எத்தனை சென்டிமீட்டர் என்று டேப் வைத்து ஷீட்டில் எழுதிவிடுகிறேன். அடுத்த முறை எண்ணும்போது அந்த நீளமும் ஒத்துவர வேண்டும். இந்த ஒரு வரியை ஷீட்டில் சேர்த்ததும் என் பிழை பாதியாகக் குறைந்தது.

அந்த அமெரிக்கக் கையேட்டின் பழைய பதிப்புகளில் ஒரு நல்ல விதி இருந்தது. தொடர்ந்து மூன்று முறை அளந்து, மூன்றும் 5 டிகிரிக்குள், அல்லது சராசரியில் பத்து சதவீதத்துக்குள் அடங்கினால்தான் அந்த அளவு செல்லும். நானும் அதையே கடைப்பிடிக்கிறேன். அளப்பதற்கு முன்னால் இரண்டு முறை சும்மா குனிந்து நிமிரச் சொல்கிறேன். முதல் குனிவு எப்போதும் பிடித்துக்கொண்டுதான் இருக்கும்.

அப்புறம், நேரம். ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வுத் தட்டுகள் தண்ணீரை இழுத்து உப்பும். பகல் முழுக்க நின்று நடந்தால் அது பிழிந்து வெளியேறும். நம் உயரமே காலைக்கும் மாலைக்கும் ஏறத்தாழ ஒரு சதவீதம் வித்தியாசப்படும். உப்பின தட்டு சுலபமாக வளையாது. 1987-இல் ஆடம்ஸ், டோலன், ஹட்டன் மூவரும் செய்த ஆய்வில் காலையைவிட மாலையில் கீழ்முதுகு 5 டிகிரி போல அதிகம் வளைந்தது. அப்படியென்றால் ஒருவரைக் காலை எட்டு மணிக்கு அளந்துவிட்டு, ஒரு மாதம் கழித்துச் சாயங்காலம் ஆறு மணிக்கு அளந்து "பாருங்க, 5 டிகிரி கூடியிருக்கு" என்றால் நான் பொய் சொல்கிறேன் என்றுதான் அர்த்தம். தெரியாமல் அந்தத் தவறை நிச்சயம் செய்திருப்பேன். இப்போது எல்லா ஷீட்டிலும் தேதிக்குப் பக்கத்தில் மணியும் இருக்கிறது. ஒருவரை எப்போதும் ஒரே வேளையில்தான் அளக்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இவ்வளவு பாடுபடத்தான் வேண்டுமா, டேப் போதாதா என்று கேட்டால், பல நேரம் போதும் என்பதுதான் என் பதில். ஷோபர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1937-இல் சொன்ன முறை அது. முதுகின் அடியில் ஒரு புள்ளி, 10 சென்டிமீட்டர் மேலே இன்னொன்று. குனிந்தால் நடுவில் தோல் எவ்வளவு நீள்கிறது என்று பார்ப்பது. 1969-இல் மெக்ரே, ரைட் இருவரும் கீழ்ப்புள்ளியை இன்னும் 5 சென்டிமீட்டர் இறக்கி வைத்தார்கள். அதனால் மொத்தம் 15. அடிப்புள்ளியைக் கொஞ்சம் தவறாக வைத்தாலும் கணக்கு முன்போல அதிகம் கெடாது. ஆரோக்கியமான இளைஞருக்கு அந்த 15 குறைந்தது 20 ஆக வேண்டும். வட்டு முறையில் தோல் இழுபடுவது தொல்லை. டேப் முறையில் அந்த இழுபடுதலையே அளக்கிறோம். அந்த யோசனையில் உள்ள எளிமை எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

மொபைல் கடையில் வேலை பார்க்கும் 24 வயதுப் பையன் ஒருவன் வந்தான். எட்டு மாதமாக இடுப்பு வலி. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்துக்கொண்டிருக்கும், நடமாடினால் குறையும், ஓய்வெடுத்தால் கூடும். டேப் வைத்தேன். 15 என்பது 17-இல் நின்றுவிட்டது. மறுபடி வைத்தேன், மறுபடியும் 17. அந்த வயதுக்கு அது சாதாரணப் பிடிப்பு இல்லை என்று பட்டது. உடனே வாத நோய் நிபுணரிடம் அனுப்பினேன். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், அதாவது முதுகெலும்பைப் போகப்போக விறைக்க வைக்கும் வாத நோய் என்று வந்தது, மருந்து தொடங்கிவிட்டார்கள். அந்த நோய்க்கென்றே இங்கிலாந்தின் பாத் நகரத்தில் 1994-இல் ஐந்து அளவுகள் கொண்ட ஒரு அட்டவணை உருவாக்கினார்கள்: காதுத் துளைக்கு முன்னால் உள்ள சின்ன மேட்டுக்கும் சுவருக்கும் உள்ள தூரம், டேப் வைத்த கீழ்முதுகு வளைவு, பக்கவாட்டுச் சாய்வு, கழுத்துத் திருப்பம், இரண்டு கணுக்கால்களை அகட்டும் தூரம். நான்குக்கு டேப்பே போதும். கழுத்துத் திருப்பத்துக்கு மட்டும் அவனைப் படுக்க வைத்து, நெற்றியில் வட்டை நிறுத்தித் தலையைத் திருப்பச் சொல்கிறேன். அங்கே வட்டு அழகாக வேலை செய்கிறது. ஒன்று மட்டும், தையல்கடைத் துணி டேப் வேண்டாம். பழசானால் நீண்டுவிடும். ஃபைபர் டேப் வாங்குங்கள்.

ஏன் படுக்க வைத்து அளக்க வேண்டும் என்றால், இந்த வட்டுக்குத் தெரிந்தது பூமியின் ஈர்ப்பு ஒன்றுதான். சாய்ந்தால் காட்டும். நின்றபடி இடவலமாகத் திரும்பினால் திரவம் அசையவே அசையாது. அதனால் நின்ற நிலையில் முறுக்கை இதில் அளக்க முடியாது. கீழ்முதுகு முறுக்கை நான் அளப்பதே இல்லை. அங்கே ஒவ்வொரு மூட்டும் ஒன்று, இரண்டு டிகிரிதான் திரும்பும். அதைவிடத் தோல் அதிகமாக நகரும். வெளியில் வைக்கும் எந்த எளிய கருவியும் அதை நம்பகமாகச் சொல்லாது.

போனில் இலவச ஆப் இருக்கிறதே என்று மாணவர்கள் கேட்கிறார்கள். மூன்று மாதம் அதையும் முயன்றேன். போனுக்குள் இருக்கும் சென்சாரும் ஈர்ப்பைத்தான் உணர்கிறது. எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வருகிறது. சிக்கல் வடிவத்தில். போனின் நீளமான விளிம்பு குனிந்த முதுகின் வளைவில் பதியாமல் ஆடும், உறை போட்டிருந்தால் இன்னும் மோசம். ஒரே போனை மேலே வைத்துப் படித்துவிட்டுக் கீழே வைப்பதற்குள் நோயாளி வலியோடு குனிந்தே நிற்க வேண்டும். நடவு அம்மா அப்படி நின்றபோது அவர் கால் நடுங்குவதைப் பார்த்தேன். அன்றோடு கிளினிக்கில் அதை நிறுத்திவிட்டேன். வீட்டில் ஒருவர் தன் கழுத்துச் சாய்வைத் தானே பார்த்துக்கொள்ள, போன் தாராளமாகப் போதும்.

முதுகில் சக்கரம் போல உருட்டிச் சென்று ஒவ்வொரு எலும்பின் கோணத்தையும் கம்ப்யூட்டரில் காட்டும் கருவியை ஒரு கல்லூரிப் பயிலரங்கில் தொட்டுப் பார்த்திருக்கிறேன். உடம்பில் சின்ன உருண்டைகளை ஒட்டி, கேமராக்களால் அசைவைப் பிடிக்கும் கூடமும் பார்த்தேன். எத்தனை டிகிரி என்பதோடு, எந்த வேகத்தில், எந்த வரிசையில் முதுகும் இடுப்பும் அசைகின்றன என்றும் அவை சொல்கின்றன. அது எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. என் கிளினிக் அளவுக்கு அது எட்டாத விலை.

வாங்கிய பொருளில் வந்த குறைகளையும் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று நாலாவது மாதமே மூட்டு ஓரத்தில் கசிந்தது. மேசை விரிப்பில் பச்சையாக ஒரு வட்டக் கறை. விற்ற ஆன்லைன் கடையோடு பேசி மாற்றி வாங்க 40 நாள் ஆனது. அதுவரை ஒரு வட்டை வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன். வளையம் இறுக்கம் இல்லாதது இன்னொரு குறை. விரல் பட்டாலே பூஜ்ஜியம் நகர்ந்துவிடும். அப்படி நகர்ந்தது தெரியாமல் இரண்டு பேருக்குத் தவறாக எழுதி, மறுநாள் கூப்பிட்டு மறுபடி அளந்தேன். இப்போது பூஜ்ஜியம் வைத்ததும் ஒரு துண்டு மைக்ரோபோர் டேப்பை வளையத்தின் மேல் ஒட்டிவிடுகிறேன். எண்கள் பொடி எழுத்து. குனிந்திருப்பவரின் பக்கவாட்டில் நாமும் மண்டியிட்டுக் கண் மட்டத்துக்குப் போனால்தான் சரியாகப் படிக்க முடியும். மேலிருந்து பார்த்தால் இரண்டு கோடு தள்ளித் தெரியும். திரவம் அடங்க ஓரிரண்டு நொடி ஆகும், அவசரப்படக் கூடாது. இரண்டையும் ஒருவரே பிடித்துக்கொண்டு எழுதவும் முடியாது, பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

இரண்டும் சேர்த்து ஏழாயிரம் ரூபாய்க்குள் ஆனது. தனியாகக் கிளினிக் வைத்திருப்பவர் இடுப்பு வலி நோயாளிகளை வாரத்துக்குப் பத்துப் பேராவது பார்த்தால் தாராளமாக வாங்கலாம். இப்போதுதான் படிப்பை முடித்தவர் என்றால் முதலில் ஒரு நல்ல ஃபைபர் டேப், ஒரு ஸ்கெட்ச் பேனா. ஆறு மாதம் புள்ளி வைத்துப் பழகிய பிறகு வட்டுக்கு வாருங்கள். விரல் பழகாமல் வட்டு மட்டும் இருந்தால் தவறான எண்ணைத் துல்லியமாக எழுதி வைப்போம். நோயாளிகளுக்கு ஒன்று: உங்கள் பிசியோ முதுகில் பேனாவால் புள்ளி வைக்கிறாரா, மூன்று முறை குனியச் சொல்கிறாரா, பழைய எண்ணை எடுத்துக் காட்டுகிறாரா என்று பாருங்கள். செய்யவில்லை என்றால், அந்தக் கணக்கு வாத்தியார் மாதிரி கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

நடவு அம்மாவுக்கு முதுகை நிமிர்த்தும் பயிற்சிகளும், நடும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து இடுப்பில் கைவைத்துப் பின்னால் சாய்வதும் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அளந்தால் 40. நாலு டிகிரி கூடியிருக்கிறது என்று அவர் மகள் சந்தோஷப்பட்டாள். என் கையின் பிழையே அவ்வளவு இருக்கும், அதனால் இதை முன்னேற்றம் என்று சொல்ல மாட்டேன் என்று விளக்கினேன். பின்னால் சாய்வது மட்டும் 6-இல் இருந்து 16-க்கு வந்திருந்தது. அதை நம்பலாம் என்றேன்.

இந்த வருடம் குறுவை நடவுக்கு முந்தின வாரம் அவரே வந்தார். வலி இல்லையாம். "சும்மா அந்த வட்டை வெச்சுப் பாரு பாப்பா, வயலுக்குப் போலாமான்னு" என்றார். சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தார், உள்ளங்கை தரையில் பதிந்தது. மேலே 114, கீழே 76. ஷீட்டில் 38 என்று எழுதி, பக்கத்தில் காலை 9.20 என்று குறித்தேன்.